கணக்குப் பிரிவில் நேர மேலாண்மை: எந்த வேலை முதலில், எதற்கு எவ்வளவு நேரம்

சிறு நிறுவனங்களில் கணக்குப் பிரிவு என்றால் பெரும்பாலும் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். விற்பனை பில், கொள்முதல் பில், வங்கி, சம்பளம், ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி), பிஎஃப், இஎஸ்ஐ, பார்ட்டி பாக்கி, லாரிக்கு இ-வே பில் (சரக்கு போகத் தேவையான மின்னணுச் சீட்டு), முதலாளி திடீரென்று கேட்கும் அறிக்கை எல்லாம் அந்த ஒரே மேசைக்குத்தான் வரும். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தவர் இரவு எட்டு மணிக்கு எழும்போது, அன்று முடிக்க நினைத்த வேலையைத் தொடவே இல்லை என்பது வாடிக்கையாகிவிடுகிறது. யார் சத்தமாகக் கேட்கிறாரோ அவருடைய வேலை முதலில் நடக்கிறது. தேதி தவறினால் தண்டம் விழும் வேலை சத்தம் போடாது. 19-ம் தேதி இரவு வரை ஓரமாகக் கிடந்துவிட்டு, பிறகு மொத்தமாகக் கழுத்தைப் பிடிக்கும்.

இந்த வரிசையை மாற்றத் தேவையானது ஒரே ஒரு கேள்வி: இந்த வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் நிறுவனத்துக்கு எத்தனை ரூபாய் போகும்? மற்ற துறைகளில் இதற்கு விடை சொல்வது கடினம். கணக்காளருக்கு எளிது, ஏனென்றால் தாமதத்தின் விலை பெரும்பாலும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

தாமதத்தின் விலையைக் கணக்கிடுவது

அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டம் போட்டு வேலைகளைப் பிரிக்கும் முறை பலருக்கும் தெரியும். 1954-ல் எவன்ஸ்டன் நகரில் பேசிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர், பிரச்சினைகளை அவசரமானவை, முக்கியமானவை என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னதிலிருந்து அது பரவியது. நல்ல முறைதான். ஆனால் கணக்குப் பிரிவில் அது அவ்வளவாக உதவுவதில்லை. 1-ம் தேதி முதல் 20-ம் தேதி வரை வருகிற வேலைகளில் முக்கால்வாசி ‘அவசரம், முக்கியம்’ என்ற முதல் கட்டத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கட்டத்துக்குள் எது முன்னால், எது பின்னால் என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு ரூபாய்தான் அளவுகோல்.

இரண்டு வேலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். செப்டம்பரில் பிடித்த டிடிஎஸ் 80,000 ரூபாய். அக்டோபர் 7-க்குள் கட்ட வேண்டும். 8-ம் தேதி கட்டினால் ஒரு நாள்தானே தாமதம் என்று தோன்றும். ஆனால் வட்டி மாதத்துக்கு 1.5 சதவீதம். பிடித்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாக எண்ணப்படும். செப்டம்பர் ஒன்று, அக்டோபர் ஒன்று, ஆக 3 சதவீதம். ஒரு நாள் தாமதத்துக்கு 2,400 ரூபாய்.

இப்போது ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாத ஜிஎஸ்டி வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் ரிட்டர்ன். பணமாகக் கட்ட வேண்டிய வரி 3 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், அதாவது நாளுக்கு சுமார் 148 ரூபாய். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். மொத்தம் 198 ரூபாய். தொகை கிட்டத்தட்ட நான்கு மடங்கு பெரியது. ஒரு நாள் தாமதத்தின் விலையோ பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே நாளில் மேசையில் இருந்தால் டிடிஎஸ் செலான்தான் முதலில். 3பி-யைத் தள்ளிப்போடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நாள் ஏற ஏற அதுவும் கூடும். அந்த மாத 3பி தாக்கல் ஆகாமல் அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில் விவரங்களைத் தரும் ரிட்டர்ன்) போகாது. தொடர்ந்து இரண்டு மாதம் விட்டால் இ-வே பில் எடுப்பதே முடக்கப்படும்.

மற்ற வேலைகளையும் இப்படி ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தாமதத்தின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் காலாண்டு ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். பிடித்த வரித் தொகை வரை அது ஏறும். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் 15-ம் தேதிக்குள். தாமதத்துக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம், அதன் மேல் தண்டமும் உண்டு. இ-வே பில் இல்லாமல் சரக்கு பிடிபட்டால் வரியின் இரு மடங்கு வரை தண்டம் கட்டித்தான் வண்டியை மீட்க வேண்டிவரும். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு பெற்ற சப்ளையருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் மாதாந்திரக் கூட்டு வட்டி. மார்ச் 31-ல் அந்தப் பாக்கி கெடு தாண்டி நின்றால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது.

சட்டத்தில் எழுதப்படாத விலையும் உண்டு. ஜிஎஸ்டிஆர்-1 அப்படிப்பட்டது. 11-ம் தேதி தவறினால் தாமதக் கட்டணம் சிறியதுதான். ஆனால் உங்கள் பில், வாங்கியவருடைய அந்த மாத 2பி-யில் (சப்ளையர்கள் ஏற்றிய பில்களை ஜிஎஸ்டி போர்ட்டல் தொகுத்துத் தரும் பட்டியல்) வராது. அவருக்கு இன்புட் (கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) ஒரு மாதம் தள்ளிப்போகும். அவர் அடுத்த பேமென்ட்டில் வரித்தொகையை நிறுத்தி வைப்பார். 18 சதவீத வரியுள்ள 10 லட்சம் ரூபாய் பில்லில் அது 1,80,000 ரூபாய். ஐம்பது ரூபாய் வேலை என்று நினைத்தது உண்மையில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் வரவைத் தடுக்கிற வேலை. தாளில் அந்தத் தொகையை எழுதுங்கள்.

இப்படி எழுதிய தாள் ஒரு பக்கத்துக்கு மேல் வராது. அதை மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். முதலாளியின் அறையிலும் ஒரு பிரதி இருப்பது நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

கையில் இருக்கும் நேரம் எவ்வளவு

வரிசை தெரிந்த பிறகு, நேரத்தை அளக்க வேண்டும். பத்து வேலை நாட்களுக்கு ஒரு நோட்டில் நேரம் குறியுங்கள்: மாத முதல் பத்து நாட்களில் ஐந்து, 11 முதல் 20-க்குள் ஐந்து. ஒரே வாரத்தைத் தொடர்ச்சியாக எடுத்தால் கணக்கு தவறும். கணக்குப் பிரிவில் முதல் வாரமும் மூன்றாம் வாரமும் ஒன்றுபோல இருப்பதில்லை. எழுத வேண்டியவை நான்கே: என்ன வேலை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடுவில் எத்தனை முறை நிறுத்தப்பட்டது. கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. அதுதான் மிக முக்கியம்.

பத்து நாள் முடிவில் சில எண்கள் கிடைக்கும். ஒரு கொள்முதல் பில்லைக் கணக்கு மென்பொருளான டேலியில் ஏற்ற சராசரியாக 4 நிமிடம் ஆகிறது என்றால், மாதம் 150 பில்லுக்கு 10 மணி நேரம். ஒரே சப்ளையரின் ஒரே வகைச் சரக்கு என்றால், பழைய வவுச்சரை ஆல்ட்+2 அழுத்தி நகலெடுத்துத் தேதி, எண், தொகையை மட்டும் மாற்றினால் அந்த நேரம் பாதியாகலாம். வங்கிக் கணக்கை ஒத்துப்பார்க்க மாதக் கடைசியில் ஒரு முழு நாள் போகிறது என்றால், அதைத் தினம் 15 நிமிட வேலையாக மாற்றிப் பாருங்கள். கூட்டினால் நேரம் ஏறக்குறைய அதேதான் என்று தோன்றும். உண்மையில் குறையும். நேற்று வந்த, யாருடையது என்று தெரியாத என்இஎஃப்டி வரவைப் பற்றி இன்று கேட்டால் விற்பனைப் பையனுக்கு நினைவிருக்கும். இருபது நாள் கழித்துக் கேட்டால் அவரும் தேட வேண்டும், நீங்களும் தேட வேண்டும்.

அடுத்து, ஒரு நாளில் உங்களுக்கு எட்டு மணி நேரம் இருப்பதாக நினைத்துத் திட்டம் போடாதீர்கள். போன், கையெழுத்து, லாரி, வங்கி என்று போக, தானாக ஒதுக்கிக்கொள்ளக்கூடியது ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. 26 வேலை நாளுக்கு 130 மணி. மாதாந்திர வேலைகளின் நேரத்தைக் கூட்டுங்கள். 130-ஐத் தாண்டினால் எந்த முறையும் உங்களைக் காப்பாற்றாது. வேலையைப் பகிர வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். பல அலுவலகங்களில் யாரும் திறந்து பார்க்காத அறிக்கை ஒன்றாவது மாதாமாதம் தயாராகிக்கொண்டிருக்கும். முதலில் அதை நிறுத்தக் கேளுங்கள்.

கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கெடு தேதியை நாட்காட்டியில் வட்டமிடுவது எல்லோரும் செய்வது. வேலை கெட்டுப்போவது அந்த நாளில் நடப்பதில்லை, அதற்கு ஒரு வாரம் முன்னால் நடக்கிறது. எனவே ஒவ்வொரு கெடுவுக்கும் இரண்டு நாளாவது முன்னதாக உள்கெடு ஒன்று வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மாத ரிட்டர்ன் போடும் நிறுவனத்துக்கு அது இப்படி அமையும்:

- 1, 2: வருகைப் பதிவு கைக்கு வர வேண்டும். விற்பனை பில் எண் வரிசையில் விடுபட்டது, ரத்தானது எவை என்று பார்த்துவிட வேண்டும்.
- 3: கடந்த மாதக் கொள்முதல் பில்கள், செலவு வவுச்சர்கள் வந்து சேரக் கடைசி நாள்.
- 5: டிடிஎஸ் உள்கெடு. உண்மையான கெடு 7. சம்பளப் பட்டியலும் அன்றே கையெழுத்துக்கு. சம்பளம் 7-க்குள் போய்ச் சேர வேண்டும்.
- 6, 7, 8: விற்பனையில் ஜிஎஸ்டி எண், எச்எஸ்என் (சரக்கு வகை எண்), கிரெடிட் நோட் சரிபார்ப்பு.
- 9: ஜிஎஸ்டிஆர்-1 உள்கெடு. உண்மையான கெடு 11. சப்ளையர்களின் பில்கள் போர்ட்டலில் ஏறியிருக்கின்றனவா என்றும் அன்றே பார்க்க வேண்டும்.
- 12: பிஎஃப், இஎஸ்ஐ உள்கெடு. உண்மையான கெடு 15.
- 14: 2பி வரும். 15, 16-ல் ஒப்பிட வேண்டும்.
- 17 காலை: கட்ட வேண்டிய வரித்தொகை முதலாளி கையில்.
- 18: 3பி உள்கெடு. உண்மையான கெடு 20.

ஆண்டு வியாபாரம் 5 கோடிக்குள் இருந்து காலாண்டு முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, தமிழ்நாட்டில் 3பி கெடு காலாண்டுக்கு அடுத்த மாதம் 22. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும் வரியை அடுத்த மாதம் 25-க்குள் செலானில் கட்டிவிட வேண்டும். காலாண்டு முறை என்றதும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த 25-ஐத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள்.

இரண்டு நாள் இடைவெளி எதற்கு? கடைசி நாட்களில் போர்ட்டல் திணறுவது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதைவிட அதிகமாகக் காலை வாருவது ஓடிபி. தாக்கலை உறுதிசெய்யும் எண் முதலாளியின் போனுக்குப் போகும். அவர் விமானத்தில் இருப்பார், அல்லது கோயிலில் போனை அணைத்துவைத்திருப்பார். கம்பெனி, எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேண்டும். அது ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கும், அல்லது அதன் காலம் முடிந்திருக்கும். டோக்கன் காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். உள்கெடு நாட்களில் ஓடிபி கேட்டு வரும் என்பதை முந்தின நாள் மாலையே முதலாளிக்குச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது காரணம் பணம். கணக்கு தயாராக இருந்தும் வங்கியில் இருப்பு இல்லாமல் நின்ற ரிட்டர்ன்கள் ஏராளம். 17-ம் தேதி காலையில் தொகையைச் சொல்வது அதற்காகத்தான். வசூல் செய்யவோ வேறு பேமென்ட்டைத் தள்ளவோ அவருக்கு மூன்று நாள் கிடைக்கும்.

இங்கே ஒரு பயனுள்ள விதி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. 3பி தயாராகாமல் பணம் மட்டும் இருந்தால், 20-ம் தேதிக்குள் செலான் போட்டு, ஜிஎஸ்டி போர்ட்டலில் உள்ள உங்கள் ரொக்க லெட்ஜரில் தொகையைச் செலுத்திவிடுங்கள். கெடு நாளில் லெட்ஜரில் இருந்து, தாக்கல் வரை அங்கேயே கிடந்து, அந்த ரிட்டர்னில் கழிக்கப்படும் தொகைக்கு வட்டி கிடையாது என்று 2024 முதல் விதி திருத்தப்பட்டிருக்கிறது. தாமதக் கட்டணம் மட்டுமே மிஞ்சும்.

கெடு நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் தானாகத் தள்ளிப்போகும் என்று நம்பாதீர்கள். ஜனவரியைத் தனியாகத் திட்டமிடுங்கள். பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் மூன்றும் 2பி வருகிற நாளுக்கும் 3பி கெடுவுக்கும் நடுவே சரியாக வந்து உட்காரும். பிஎஃப் கெடுவான 15-ம் தேதி பண்டிகைக்குள்ளேயே விழும். ஊருக்குப் போனவர்கள் திங்கட்கிழமைதான் திரும்புவார்கள். அந்த மாதம் பிஎஃப், இஎஸ்ஐ 10-ம் தேதியே முடிய வேண்டும். சப்ளையர் பில் சரிபார்ப்பை 2பி-க்குக் காத்திராமல் முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும்.

சப்ளையரை 10-ம் தேதியே கூப்பிடுங்கள்

கணக்குப் பிரிவில் நேரத்தைத் தின்கிற முதல் வேலை எது என்று கேட்டால், பலரும் 2பி ஒப்பீட்டைத்தான் சொல்வார்கள். இரண்டு நாள் முழுக்கப் போகும். அதில் பாதி நேரம் போனில் போகும். அதுவும் வீணான போன். சப்ளையர் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்துவிட்டார், உங்கள் பில் அதில் இல்லை என்றால், 15-ம் தேதி நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அந்த மாத 2பி-யில் அது வரப்போவதில்லை.

2024 அக்டோபர் முதல் போர்ட்டலில் இன்வாய்ஸ் மேலாண்மைப் பக்கம் இருக்கிறது. ஐஎம்எஸ் என்று சொல்கிறார்கள். சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1-ல் பில்லைச் சேமித்தாலே, தாக்கல் செய்வதற்கு முன்பே, அது உங்களுக்கு அங்கே தெரியும். 9-ம் தேதி மாலை அதை இறக்கி, உங்கள் கொள்முதல் பதிவோடு ஒப்பிட்டு, வராதவற்றை வரித்தொகையின் இறங்கு வரிசையில் அடுக்குங்கள். முதலில் இருக்கும் பத்துப் பதினைந்து பில்களிலேயே பெரும்பாலான வரி அடங்கியிருக்கும். 10-ம் தேதி காலை அவர்களை மட்டும் கூப்பிடுங்கள். “உங்க பில் நம்பர் இது, தேதி இது, இன்னும் ஏறல, நாளைக்குள்ள ஏத்திடுங்க” என்று இரண்டு நிமிடத்தில் முடியும். அவருக்கும் அது உதவியாகத்தான் இருக்கும். தாக்கலுக்குப் பிறகு திருத்துவது அவருக்கும் தலைவலி.

15-ம் தேதி ஒப்பிடும்போது ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ரூபாய் ஒன்று, இரண்டு வித்தியாசம் ரவுண்ட்-ஆஃப்பால் வருவது. அதைத் துரத்தாதீர்கள். பில் எண்ணில் சாய்கோடு இருக்கிறதா, முன்னால் பூஜ்யம் இருக்கிறதா என்பதால் ஒத்துவராதவையே நிறைய இருக்கும். எக்ஸெலில் எண்ணிலிருந்து குறிகளை எடுத்துவிட்டு ஒப்பிட்டால் அவை தானாகப் பொருந்தும். மீதமிருப்பவைதான் உண்மையான வித்தியாசம். நல்ல கணக்காளர்கள் பலரும் நேரத்தை இழப்பது இந்தச் சின்ன வித்தியாசங்களில்தான். எல்லாம் பைசா சுத்தமாக ஒத்துவர வேண்டும் என்ற அந்தக் குணம் மதிக்கத்தக்கது. வங்கிக் கணக்கில் அது கட்டாயம் வேண்டும். இங்கே தேவையில்லை.

நாளை எப்படிப் பிரிப்பது

தலையைக் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை காலையில். கையால் ஓடும் வேலை மதியம். ஒப்பீடு, டிடிஎஸ் கணக்கு, சம்பளப் பட்டியல் ஆகியவற்றை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைக்குள் வையுங்கள். அந்த இரண்டு மணி நேரம் உதவியாளர் போன் எடுக்கட்டும், குறிப்பு எழுதிவைக்கட்டும். நீங்கள் ஒருவர்தான் என்றால், போனைக் கவிழ்த்துவைத்துப் பதினொன்றரைக்குத் திருப்பிக் கூப்பிடுங்கள். பார்ட்டிகளுக்கு இது ஒரு வாரத்தில் பழகிவிடும். பில் ஏற்றுவது, ஃபைல் செய்வது, ஸ்கேன் எடுப்பது சாப்பாட்டுக்குப் பிறகு. நடுவில் நிறுத்தப்பட்டாலும் அவற்றில் பெரிய இழப்பில்லை. சம்பளப் பட்டியலை நடுவில் நிறுத்தினால், விட்ட இடம் தெரியாமல் ஒருவருக்கு இரண்டு முறை அட்வான்ஸ் கழிக்கும் ஆபத்து இருக்கிறது.

மாலை நான்கு மணிக்கு மேல் நாள் உங்கள் கையில் இல்லை. லாரி வந்துவிடும், பில் போட வேண்டும், இ-வே பில் எடுக்க வேண்டும், டிரைவர் நிற்பார். அந்த நேரத்துக்கு வேறு எதையும் திட்டமிடாதீர்கள். ஆனால் அந்த நெரிசலைக் குறைக்க ஒரு வழி உண்டு. இ-வே பில்லில் இரண்டு பகுதிகள். சரக்கு, மதிப்பு, பார்ட்டி விவரங்கள் முதல் பகுதி. வண்டி எண் இரண்டாம் பகுதி. இன்று போகப்போகும் சரக்கு எது என்று மதியம் மூன்று மணிக்கே குடோனிலிருந்து சீட்டு வாங்கிவிட்டால், முதல் பகுதியை அப்போதே நிரப்பிவிடலாம். அதன் செல்லுபடி நேரம் வண்டி எண்ணைச் சேர்த்த பிறகுதான் ஓடத் தொடங்கும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. வண்டி வந்ததும் எண்ணை மட்டும் சேர்த்தால் போதும், ஒரு நிமிட வேலை. மூன்று மணிக்கே சீட்டு தந்துவிடும் பழக்கம் குடோனில் வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். விடாமல் கேளுங்கள்.

வாரக் கூலி தரும் இடங்களில் சனிக்கிழமை மதியமும் அப்படித்தான். கூலி, மிச்ச அட்வான்ஸ், சில்லறை என்று போய்விடும். சஸ்பென்ஸ் லெட்ஜரை (யாருடையது, எதற்கு என்று தெரியாத தொகைகளைப் போட்டுவைக்கும் கணக்கு) தீர்ப்பது போன்ற வாராந்திர வேலையைச் சனிக்கிழமையில் வைத்தால் ஒருநாளும் நடக்காது. புதன்கிழமை காலையில் வையுங்கள்.

குறுக்கீடுகளைக் குறைப்பது

நேர நோட்டில் குறித்த குறுக்கீடுகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவை நான்கைந்து கேள்விகளின் மறுபதிப்பாகவே இருக்கும். “என் பேமென்ட் எப்போ?”, “அந்தப் பார்ட்டி பாக்கி எவ்வளவு?”, “பணம் வந்துச்சா?” ஒவ்வொன்றையும் கேட்கும் முன்பே பதில் போய்ச்சேரும்படி செய்ய வேண்டும்.

பேமென்ட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் வையுங்கள், செவ்வாயும் வெள்ளியும் என்று. சப்ளையர்கள் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நாள் தெரிந்தவர் தினமும் கூப்பிட மாட்டார். ஆனால் சொன்ன நாளில் தர வேண்டும்; இரண்டு முறை தவறினால் பழையபடி தினம் போன் வரும். பாக்கிப் பட்டியலை விற்பனைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை 9.45-க்கு, அவர்கள் கிளம்பும் முன் போட்டுவிடுங்கள். வங்கி ஒத்துப்பார்க்கும் 15 நிமிடத்தை அதற்கு முன்னால் வைத்தால் பட்டியல் சரியாக இருக்கும்.

பில்கள் கைக்கு வருவது தனிப் பிரச்சினை. ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், ஒருவர் மேசையில் வைப்பார், ஒருவர் பையிலேயே வைத்திருப்பார். பில் வர ஒரே ஒரு வழி இருக்கட்டும்: தாளுக்கு ஒரு தட்டு, படத்துக்கு ஒரு தனி எண் அல்லது மின்னஞ்சல். தனிப்பட்ட எண்ணுக்கு வந்தால் அங்கே மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். நீங்களே மாற்றிக்கொடுத்தால் அவர் பழக மாட்டார். செலவு வவுச்சருக்கு இதைவிட உறுதியான விதி வேண்டும்: முந்தைய அட்வான்ஸின் வவுச்சர் வராமல் புது அட்வான்ஸ் இல்லை. இந்த விதியை முதலாளி வாயால் சொல்லவைக்க வேண்டும். கணக்காளர் சொன்னால் பகையாகும்.

முதலாளியின் கேள்விகளுக்குத் தினமும் பத்து நிமிடம், ஒரே நேரத்தில். பன்னிரண்டு மணி வசதியாக இருக்கும். அன்றைய பேமென்ட், கையெழுத்து, சந்தேகங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். இதனால் நீங்கள் அவர் அறைக்கு ஏழெட்டு முறை போவது நிற்கும். அவர் உங்களைக் கூப்பிடுவதும் மெல்லக் குறையும், அடியோடு நிற்காது. திடீர் வேலை ஒன்று வந்தால் முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. விலையைச் சொல்லுங்கள்: “சார், இதை எடுத்தா ரெண்டு மணி நேரம் ஆகும். இன்னிக்கு டிடிஎஸ் கட்டுறது நாளைக்குப் போகும். வட்டி 2,400 ரூபா. எதை முதல்ல முடிக்கட்டும்?” அவர் அறையில் அந்தத் தாள் ஒட்டியிருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். எதிரே எண் இருக்கும்போது பேச்சு ஒரு நிமிடத்தில் முடியும். சில நேரம் அவர் திடீர் வேலையையே முதலில் முடிக்கச் சொல்வார். வங்கிக் கடனுக்கான அறிக்கையாக இருக்கலாம், பெரிய ஆர்டராக இருக்கலாம். 2,400 ரூபாயைவிடப் பெரிய காரணம் அவருக்கு இருக்கலாம். அப்போது தயங்காமல் அதைச் செய்யுங்கள். முடிவு தெரிந்து எடுக்கப்பட்டது; அதுவே போதும்.

முறை எங்கே உடைகிறது

பட்டியல் நீள்வதில்தான் முதலில் உடையும். முப்பது வேலை எழுதிய தாளில், யாரும் சின்ன வேலைகளையே முதலில் அடிப்பார்கள். பத்துக் கோடு போட்ட திருப்தி வரும், பெரியது அப்படியே நிற்கும். தினத் தாளில் மூன்று வேலைதான் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம். மீதி எல்லாம் வேறு நோட்டில். முந்தின நாள் கிளம்பும் முன் அந்த மூன்றையும் எழுதிவிடுங்கள். காலையில் எழுத உட்கார்ந்தால் அதற்குள் போன் வந்துவிடும்.

அடுத்தது சஸ்பென்ஸ். எது என்று தெரியாத வரவு செலவை அங்கே போட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆடிட்டர் வரும்போது அதில் நானூறு வரி இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் எந்தத் தொகையும் அங்கே நிற்கக் கூடாது.

மூன்றாவது, ஒரே ஆளின் தலையில் எல்லாம் இருப்பது. கடவுச்சொல், செலான் போடும் படிகள், எந்தப் பார்ட்டிக்கு எத்தனை சதவீத டிடிஎஸ் என்பதெல்லாம் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால், அவர் காய்ச்சலில் படுத்த அன்று 7-ம் தேதியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கெடு வேலைக்கும் அரைப் பக்கத்தில் படிகளை எழுதி, உதவியாளரைக் கொண்டு அடுத்த மாதம் அதைப் பார்த்தே செய்யவையுங்கள். எங்கே திணறுகிறாரோ அங்கே படி விடுபட்டிருக்கிறது. கடவுச்சொற்கள் மூடிய உறையில் முதலாளியிடம் இருக்கட்டும்.

மார்ச், ஏப்ரல்

இந்த இரண்டு மாதங்களுக்கு மேலே சொன்ன அட்டவணை போதாது. மார்ச் 15-ல் முன்கூட்டிய வரியின் கடைசித் தவணை. அதற்கு லாபக் கணக்கு வேண்டும், அதற்குப் பிப்ரவரி வரை கணக்கு முடிந்திருக்க வேண்டும். மார்ச் 20-க்குள் குறு, சிறு சப்ளையர் பாக்கிப் பட்டியலை எடுத்து, 31-ம் தேதிக்கு முன் கெடு தாண்டப்போகிறவற்றைப் பிரித்து முதலாளியிடம் கொடுங்கள். ஏற்றுமதி செய்பவர்கள் வரி கட்டாமல் சரக்கு அனுப்ப ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புது எல்யூடி (உறுதிமொழிக் கடிதம்) போட வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் கன்டெய்னர் நிற்கும்போது நினைவு வந்தால் தாமதம். அதையும் மார்ச்சிலேயே முடியுங்கள். 31-ம் தேதி சரக்கு எண்ணும்போது அன்றைய பில் போடுவதை மதியத்தோடு நிறுத்தினால்தான் எண்ணிக்கை கணக்கோடு ஒத்துப்போகும். இதைக் குடோனுக்கும் விற்பனைக்கும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 1 காலையில் முதல் பில் போடும் முன் புது எண் வரிசை சரியாகத் தொடங்குகிறதா என்று பாருங்கள். மார்ச் மாதம் பிடித்த டிடிஎஸ்-ஸுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. அதன் காலாண்டு ரிட்டர்ன் மே 31-க்குள். அந்தக் கூடுதல் நாட்களை நம்பி மார்ச் பில்களைத் தேடுவதை ஏப்ரல் கடைசி வரை இழுக்காதீர்கள். 10-ம் தேதிக்குள் வராத பில்லுக்குச் செலவு ஒதுக்கீடு போட்டு, அதற்கு உரிய டிடிஎஸ்-ஸையும் அப்போதே பிடித்து, சப்ளையர் பெயரோடு தனிப் பட்டியலில் வைத்துவிடுங்கள்.